சபைப் பற்றும் சமய உரிமையும்

பல ஆண்டுகளுக்கு முன், பள்ளியில் வரலாறு கற்பித்து வந்த நாளில், மாணவன் ஒருவன் என்னிடம் ஒரு வினா எழுப்பினான். இங்கிலாந்து நாட்டுச் சமயப் பூசல்களைப் பற்றிய பாடம் அன்று நடந்துகொண்டிருந்தது. "ஐயா, தன் சபையே மெய்யான சபை என்று ஒருவன் உள்ளபடியே நம்பினால், மற்றொரு சபை தவறானது என்றுதானே அவன் கருதுவான்? தவறு என்று தான் கருதும் ஒன்றுக்கு உரிமை வழங்க அவன் மனம் எவ்வாறு இசையும்?" என்று அவன் கேட்டான். பொறுமை, சகிப்பு என்றெல்லாம் சில சொற்களைச் சொல்லி வைத்தேன். அவ்விடை அவனுக்கும் நிறைவளிக்கவில்லை, எனக்கும் நிறைவளிக்கவில்லை. அந்த வினாவுக்குரிய விடையை, கத்தோலிக்கத் திருச்சபை, பாப்டிஸ்டுச் சபை ஆகிய இரண்டின் வரலாற்றைக் கொண்டு இன்று காண முயல்வோம்.

இவ்விரண்டும் ஒரே கிறிஸ்தவ சமயத்தைச் சார்ந்தவை. பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்னும் மூவொரு கடவுளை இரண்டுமே வணங்குகின்றன. இயேசு பெருமானின் சிலுவைப் பாடும் உயிர்த்தெழுதலும் இரண்டுக்கும் அடிப்படை. வேதாகமம் இரண்டுக்கும் புனித நூல். இத்துணை ஒற்றுமை இருந்தும் இவற்றினிடையே உள்ள வேற்றுமை சிறியதன்று. கத்தோலிக்கத் திருச்சபை அப்போஸ்தலர் காலம் முதல் அறுபடாது வருவதாகத் தன்னைக் கருதுவது. உலகிலுள்ள கிறிஸ்தவ சபைகளுள் மிகப் பெரியது. பாப்டிஸ்டுச் சபையோ 1609-ஆம் ஆண்டில் ஆலந்து நாட்டு ஆம்ஸ்டர்டாம் நகரில், தாயகத்தை விட்டு வந்திருந்த ஆங்கிலேயர் சிலரிடையே தோன்றியது.

வேற்றுமைகளுள் முதன்மையானது ஞானஸ்நானம் பற்றியது. கத்தோலிக்கர் குழந்தை பிறந்த சின்னாளிலேயே அதற்கு ஞானஸ்நானம் அளிப்பர். அது வெறும் அடையாளம் அன்று. ஜென்மப் பாவத்தைப் போக்கி, கடவுளின் அருளை உயிரில் பதியச் செய்து, குழந்தையைத் திருச்சபையின் உறுப்பாக்கும் அருட்சாதனம் என்பது அவர்தம் கொள்கை. பெற்றோரும் ஞானப் பெற்றோரும் குழந்தையின் பொருட்டு விசுவாசத்தை அறிக்கையிடுவர். பாப்டிஸ்டுகள் இதனை ஒப்புவதில்லை. விசுவாசம் என்பது ஒருவன் தானே உணர்ந்து, தன் வாயால் ஏற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று. பிறர் அவனுக்காக அதனை ஏற்றல் இயலாது. ஆகவே அறிவு வந்து, மனந்திரும்பி, விசுவசிப்பவருக்கே ஞானஸ்நானம் உரியது என்பர். தொடக்கத்தில் நீரை ஊற்றியே இச்சடங்கை நடத்தினர். 1640-களில் நீரில் முழுவதும் அமிழ்த்தி எடுக்கும் முறை அவரிடையே நிலைபெற்றது. பிறந்தபோது பெற்ற ஞானஸ்நானத்தை இவர்கள் ஒரு பொருளாக மதியாமல், வளர்ந்தவருக்கு மீண்டும் அளித்ததால், அக்காலத்தார் இவர்களை "மறு ஞானஸ்நானக்காரர்" என்று இகழ்ந்தனர்.

இரண்டாவது வேற்றுமை, சமயக் காரியங்களில் இறுதி அதிகாரம் எங்கே உள்ளது என்பது. வேதாகமத்தோடு, அப்போஸ்தலர் வழிவந்த பரம்பரைப் போதனையையும் கத்தோலிக்கர் ஏற்பர். அவ்விரண்டுக்கும் பொருள் கூறும் அதிகாரம் மேற்றிராணிமாருக்கும் அவர்தம் தலைவராகிய பாப்பரசருக்கும் உண்டு என்பர். பாப்டிஸ்டுகளுக்கு வேதாகமமே முடிந்த அளவுகோல். அவர்களிடையே பாப்பரசரும் இல்லை. எல்லாச் சபைகளையும் ஆளும் மேற்றிராணியாரும் இல்லை. ஓர் ஊரில் கூடும் விசுவாசிகளின் சபை தன் போதகரைத் தானே தேர்ந்து, தன் காரியங்களைத் தானே நடத்திக்கொள்ளும். திரெந்து நகரில் 1545 முதல் 1563 வரை கூடிய பொதுச்சங்கம் உறுதிப்படுத்தியவாறு, கத்தோலிக்கருக்கு அருட்சாதனங்கள் ஏழு. பாப்டிஸ்டுகளோ ஞானஸ்நானம், திருவிருந்து என்னும் இரண்டையே கிறிஸ்து வகுத்த நியமங்களாகக் கொள்வர். நற்கருணையில் அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாகவே மாறுகின்றன என்பது கத்தோலிக்கர் விசுவாசம். பாப்டிஸ்டுகளுள் பெரும்பாலோர் அதனைக் கிறிஸ்துவின் மரணத்தை நினைவுகூரும் விருந்தாகக் கருதுவர்.

இவ்வேற்றுமைகளைக் கூர்ந்து நோக்கினால், சபைப் பற்று என்னும் சொல்லுக்கே இவ்விரு சாராரிடமும் வெவ்வேறு பொருள் இருத்தல் புலனாகும். கத்தோலிக்கனுக்குத் திருச்சபை ஒரு தாய். அவன் அவளைத் தேர்ந்தெடுத்தானல்லன். அவள் மடியில் வளர்ந்தான். ஆகவே அவனுடைய பற்று, தாயைக் கைவிடாத மகனின் பற்று. பாப்டிஸ்டுக்கோ சபை என்பது விசுவாசிகள் தம்முள் செய்துகொண்ட உடன்படிக்கை. அவன் தானே முன்வந்து அதனுள் புகுந்தான். ஆகவே அவனுடைய பற்று, கொடுத்த வாக்கைக் காக்கும் பற்று. இரண்டில் எது உயர்ந்தது என்று தீர்ப்புக் கூறுவது வரலாற்று ஆசிரியனின் வேலையன்று. இரண்டும் எத்தகைய சோதனைக்கு உள்ளாயின என்பதே நாம் காண வேண்டுவது.

பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பிய அரசர் பலர், ஒரு நாட்டில் ஒரு சமயமே இருத்தல் வேண்டும், அது மன்னன் சமயமாகவே இருத்தல் வேண்டும் என்று எண்ணினர். இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி 1534-இல் தம்மையே திருச்சபையின் தலைவராக்கிக்கொண்டார். அதனை ஏற்க மறுத்த சர் தாமஸ் மோர் 1535-இல் தலை வெட்டுண்டார். பின்னர் மேரி அரசியார் நாட்டைக் கத்தோலிக்க நெறிக்குத் திருப்ப முயன்றபோது, 1555 முதல் 1558 வரை ஏறத்தாழ 280 புராட்டஸ்டண்டுகள் தீயிலிடப்பட்டனர். அவருக்குப் பின் வந்த எலிசபெத் அரசியார் காலத்தில் சக்கரம் மறுபடியும் சுழன்றது. அரசாங்கக் கோயிலுக்குச் செல்லாதவருக்கு 1559-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு 12 பென்ஸ் அபராதம். 1581-இல் அதுவே மாதம் 20 பவுன் ஆயிற்று. அரியணையில் அமர்ந்தவர் மாறுந்தோறும் துன்புறுத்துவோரும் துன்புறுவோரும் இடம் மாறினர்; துன்பம் மட்டும் மாறவில்லை.

1605-ஆம் ஆண்டில் கத்தோலிக்கர் சிலர் கூடிப் பாராளுமன்றக் கட்டடத்தை வெடிமருந்தால் தகர்க்கச் சதி செய்தனர். சதி வெளிப்பட்டது. சிலர் செய்த குற்றத்திற்காக ஒரு சமயத்தார் அனைவர்மீதும் நாட்டின் சினம் பாய்ந்தது. கத்தோலிக்கர் என்றாலே இராஜத் துரோகிகள் என்னும் எண்ணம் எங்கும் பரவியது. இந்தச் சூழ்நிலையை நாம் நன்றாக மனத்தில் இருத்த வேண்டும். ஏனெனில், இதற்கு ஏழே ஆண்டுகளுக்குப் பின் தாமஸ் ஹெல்விஸ் என்னும் பாப்டிஸ்டு ஒரு நூல் எழுதினார்.

ஹெல்விஸ் நாட்டிங்காம் பகுதியைச் சார்ந்த செல்வக் குடியினர். லண்டனில் சட்டம் பயின்றவர். தம் சமயக் கொள்கையின்படி வாழத் தாய்நாட்டில் இடமில்லாமையால், ஜான் ஸ்மித் என்னும் போதகரோடும் வேறு பலரோடும் ஆம்ஸ்டர்டாம் சென்றார். அங்கே அவருக்கு அச்சமில்லை, வழிபாட்டுக்குத் தடையுமில்லை. ஆயினும், துன்பத்துக்கு அஞ்சித் தம் மக்களை விட்டு ஓடி வந்தது பிழை என்று அவர் மனம் அவரை வருத்திற்று. 1612-ஆம் ஆண்டளவில் சிறு கூட்டத்தோடு இங்கிலாந்து மீண்டு, லண்டனை அடுத்த ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் ஒரு சபையை நிறுவினார். ஆங்கில மண்ணில் எழுந்த முதல் பாப்டிஸ்டுச் சபை அதுவே.

1612-இல் வெளிவந்த அவருடைய நூலின் படி ஒன்று, மன்னர் முதலாம் ஜேம்ஸுக்கென அவர் தம் கைப்பட எழுதிய குறிப்போடு, ஆக்ஸ்போர்டு பாட்லியன் நூலகத்தில் உள்ளது. மன்னரும் மாள்வதற்குரிய மனிதரே, கடவுளல்லர். ஆதலால் குடிகளின் அழியா ஆன்மாக்களின்மீது அவருக்கு அதிகாரமில்லை என்பது அக்குறிப்பின் கருத்து. நூலில் அவர் கத்தோலிக்கத் திருச்சபையை மிகக் கடுமையாகத் தாக்கியுள்ளார். அதன் போதனையில் ஒன்றையேனும் விட்டுக்கொடுத்தாரல்லர். ஆயினும், அதே நூலில், கத்தோலிக்கராயினும், துருக்கராயினும், யூதராயினும், எக்கொள்கையினராயினும், சமயத்தின் பொருட்டு அவரைத் தண்டிக்க மன்னருக்கு உரிமையில்லை என்றும் வாதிட்டார். ஒருவன் கடவுளுக்குக் கூற வேண்டிய கணக்கை அவனே கூற வேண்டும். மன்னர் அவனுக்காகக் கூறப் போவதில்லை என்பது அவர் காட்டிய காரணம். வெடிமருந்துச் சதியின் புகை அடங்காத நாளில், தாம் வெறுத்த ஒரு கொள்கையினருக்காக ஒருவர் இவ்வாறு எழுதினார்! ஹெல்விஸ் நியூகேட் சிறையில் அடைக்கப்பட்டார், 1616-க்குள் இறந்தார்.

இனிக் கத்தோலிக்கர் பக்கம் திரும்புவோம். அதே ஜேம்ஸ் மன்னரிடம் அமைச்சராய் விளங்கியவர் ஜார்ஜ் கால்வர்ட். இளமையில் அவருடைய குடும்பம் சட்டத்தின் வற்புறுத்தலால் அரசாங்கச் சபைக்கு உட்பட நேர்ந்தது. பதவியும் செல்வாக்கும் அவரைத் தேடி வந்தன. அவற்றின் உச்சியில் இருந்தபோது, 1625-இல், தாம் கத்தோலிக்கர் என்று வெளிப்படையாக அறிவித்துப் பதவியைத் துறந்தார். பின்பு பால்டிமோர் பிரபு என்னும் பட்டம் பெற்ற அவர், அமெரிக்காவில் ஒரு குடியேற்றம் நிறுவ விரும்பினார். சாசனம் கையில் கிட்டுமுன் 1632-இல் காலமானார். அவர் மகன் சிசில் அப்பணியை நிறைவேற்றினார். 'பேழை', 'புறா' எனப் பொருள்படும் பெயர்கொண்ட இரு கப்பல்கள் 1633 நவம்பரில் புறப்பட்டு, 1634 மார்ச்சில் புதிய நாட்டை அடைந்தன. அதுவே மேரிலாந்து. கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் ஒருங்கே அக்கப்பல்களில் சென்றனர்.

மேரிலாந்துச் சட்டசபை 1649-இல் சமயம் பற்றிய ஒரு சட்டம் இயற்றியது. இயேசு கிறிஸ்துவை விசுவசிக்கும் எவரையும் சமயத்தின் பொருட்டுத் துன்புறுத்தலாகாது என்று அது விதித்தது. அதில் ஒரு விதி இன்றும் நம் சிந்தனைக்குரியது. பிறரைச் சமயம் பற்றிய இழிபெயரால் அழைத்தவருக்குப் பத்து ஷில்லிங் அபராதம். அதிற்பாதி இகழப்பட்டவருக்கே சேரும். தடுக்கப்பட்ட இழிபெயர்களின் பட்டியலில் கத்தோலிக்கரைக் குறித்த வசைச் சொல்லும் உண்டு. மறு ஞானஸ்நானக்காரர் என்னும் சொல்லும் உண்டு. கத்தோலிக்கர் ஒருவரின் குடியேற்றத்தில், கத்தோலிக்கனுக்கு நேர்ந்த இகழ்ச்சியும் அவனுக்கு எதிர்க்கொள்கையினனுக்கு நேர்ந்த இகழ்ச்சியும் ஒரே விலை பெற்றன. எனினும் அச்சட்டம் குறையற்றதன்று. மூவொரு கடவுட் கொள்கையை மறுப்பவருக்கு அதுவே மரண தண்டனையும் விதித்தது. கிறிஸ்தவரல்லாதாருக்கு அதில் பாதுகாப்பில்லை.

அதே காலத்தில் வடக்கே மாசாசூசெட்ஸில் வேறொரு காட்சி. இங்கிலாந்தில் துன்புற்று, உரிமை நாடி ஓடிவந்த பியூரிட்டன்மார் அங்குத் தாம் அதிகாரம் பெற்றதும், தம்மோடு மாறுபட்டவரைத் துன்புறுத்தத் தலைப்பட்டனர். ஆன்மாவின் காரியத்தில் அரசு தலையிடலாகாது என்று போதித்த ரோஜர் வில்லியம்ஸ் 1635-இல் நாடு கடத்தப்பட வேண்டுமெனத் தீர்ப்பாயிற்று. 1636 ஜனவரியில், உறைபனியினூடே அவர் வெளியேறினார். நாரகன்செட் என்னும் பழங்குடியினர் அவருக்கு இடமளித்தனர். அங்கே பிராவிடென்ஸ் என்னும் ஊரை நிறுவினார். 1638-ஆம் ஆண்டளவில் அவ்வூரில் அமெரிக்காவின் முதல் பாப்டிஸ்டுச் சபை தோன்றியது. வில்லியம்ஸும் அதில் ஞானஸ்நானம் பெற்றார். ஆனால் சில மாதங்களில் அச்சபையையும் விட்டு விலகினார். இறுதிவரை வேறெச்சபையிலும் சேர்ந்தாரல்லர். சபையை விட்டவரேயாயினும், மனச்சாட்சியை விட்டவரல்லர் அவர்.

மாறுபட்ட கொள்கையினர் ஒரே நாட்டில் எவ்வாறு வாழ்வது என்பதற்கு 1655-இல் அவர் ஒரு கடிதத்தில் அழகான உவமை கூறினார். நாடு ஒரு கப்பல். அதில் கத்தோலிக்கரும், புராட்டஸ்டண்டுகளும், யூதரும், துருக்கரும் ஏறியுள்ளனர். கப்பலில் நடக்கும் வழிபாட்டுக்கு வருமாறு எவரையும் கட்டாயப்படுத்தலாகாது. அவரவர் வழிபாட்டைத் தடுக்கவும் ஆகாது. எனினும், கப்பல் செல்லும் திசையையும் அதன் ஒழுங்கையும் காப்பது தலைவனின் கடமை; அதற்கு அனைவரும் பணிதல் வேண்டும். உரிமை என்றால் ஒழுங்கின்மை அன்று என்பதையும், ஒழுங்கு என்றால் மனச்சாட்சியை ஆள்வது அன்று என்பதையும் இவ்வுவமை ஒருசேர விளக்குகிறது. அவரும் கொள்கைப் போர் புரிய அஞ்சியவரல்லர். 1672-இல், ஏறக்குறைய எழுபது வயதில், குவேக்கர் என்னும் சபையாரோடு வாதிடப் பிராவிடென்ஸிலிருந்து நியூபோர்ட் வரை தாமே படகு வலித்துச் சென்றார். நாவினால் போரிட்டார், சவுக்கினால் அன்று.

சவுக்கின் கொடுமை அவருடைய நண்பர்களுக்குத் தெரியும். 1651-இல் பாப்டிஸ்டுகள் மூவர் மாசாசூசெட்ஸில் வாழ்ந்த கண்பார்வையற்ற முதியவர் ஒருவரைக் காணச் சென்று, அவர் இல்லத்தில் வழிபாடு நடத்தினர். அக்குற்றத்துக்காகச் சிறைப்பட்டனர். அவருள் ஒபதையா ஹோம்ஸ் என்பவர், தமக்காகப் பிறர் அபராதம் செலுத்துவதை ஏற்க மறுத்து, பாஸ்டன் நகரில் முப்பது கசையடி பெற்றார். மற்றொருவராகிய ஜான் கிளார்க்கோ, 1663-இல் ரோட் தீவுக் குடியேற்றத்துக்குச் சமய உரிமை நல்கும் அரச சாசனத்தை இங்கிலாந்திலிருந்து பெற்றுத் தந்தார்.

இத்தனை தியாகத்துக்குப் பின்னும் வரலாறு நேர்கோட்டில் செல்லவில்லை. மேரிலாந்தில் 1689-இல் ஆட்சி கவிழ்ந்தது. கத்தோலிக்கர் நிறுவிய அந்நாட்டிலேயே, 1704-இல் செயின்ட் மேரீஸ் நகரத்துச் செங்கற் கோயில் ஆளுநர் ஆணையால் பூட்டப்பட்டது. 1718-இல் கத்தோலிக்கர் வாக்குரிமை இழந்தனர். ரோட் தீவில் 1719-இல் அச்சான சட்டத் தொகுப்பு கத்தோலிக்கருக்குக் குடியுரிமையை மறுத்தது. அத்தடை 1783-இல்தான் நீங்கியது. பிரான்சில் 1685-இல் கத்தோலிக்க மன்னர் பதினான்காம் லூயி, புராட்டஸ்டண்டுகளுக்கு இருந்த உரிமையைப் பறித்தார். எந்தச் சபையும், 'எம் கை கறைபடாதது' என்று சொல்லிக்கொள்ள இயலாது.

வர்ஜீனியாவில் அரசாங்கச் சபையின் அனுமதியின்றிப் போதித்த பாப்டிஸ்டுப் போதகர்கள் 1768 முதல் சிறையிலிடப்பட்டனர். சிறைக் கம்பிகளின் ஊடேயும் அவர்கள் போதித்தனர். இக்கொடுமையைக் கண்டு மனம் நொந்தவருள் இளைஞராயிருந்த ஜேம்ஸ் மாடிசனும் ஒருவர். தாமஸ் ஜெபர்சன் 1777-இல் வரைந்த சமய உரிமைச் சட்டம், மாடிசனின் முயற்சியால் 1786-இல் வர்ஜீனியாவில் நிறைவேறியது. 1791-இல் ஐக்கிய அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம், காங்கிரஸ் எச்சமயத்தையும் அரசாங்கச் சமயமாக நிறுவுவதையும், சமய வழிபாட்டைத் தடுப்பதையும் விலக்கியது.

இந்தக் கடன் ஒருநாள் நினைவுகூரப்பட்டது. 1960-ஆம் ஆண்டில் ஜான் கென்னடி குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டார். அவர் கத்தோலிக்கர், ஆகவே, பாப்பரசரின் சொற்படி நாட்டை ஆள்வார் என்னும் அச்சம் எழுந்தது. அவ்வச்சம் கொண்டவருள் பாப்டிஸ்டுகள் பலர். செப்டம்பர் 12-ஆம் நாள், ஹூஸ்டன் நகரில் புராட்டஸ்டண்டுப் போதகர்களின் கூட்டத்தில் கென்னடி பேசினார். பதவிக்காகத் தம் திருச்சபையை மறுதலிக்கப் போவதில்லை என்றார். மனச்சாட்சியும் பதவிக் கடமையும் முரணும் நிலை வருமாயின் பதவியைத் துறப்பேன் என்றார். இன்று தம்மீது விழும் ஐயம் நாளை வேறொரு சபையார்மீதும் விழக்கூடும் என்று எச்சரித்து, வர்ஜீனியாவில் பாப்டிஸ்டுப் போதகர்கள் பட்ட துன்பமே ஜெபர்சனின் சட்டத்துக்கு வழி கோலியது என்பதை அவர்களுக்கு நினைவூட்டினார். பாப்டிஸ்டுகள் சிறையிருந்து தேடிய உரிமையில், கத்தோலிக்கர் ஒருவர் நின்று பேசினார். அவ்வாண்டு அவர் வெற்றியும் பெற்றார்.

ஐந்தாண்டுகளுக்குப் பின் மற்றொரு பெருநிகழ்ச்சி. பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் 1864-இல் வெளியிட்ட பிழைகளின் பட்டியலில், சமய உரிமை பற்றிய புதுக் கருத்துகள் சில கண்டிக்கப்பட்டிருந்தன. ஆனால் 1965 டிசம்பர் 7-ஆம் நாள், இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம், சமய உரிமை மனித மாண்பினின்றே எழுவது என்றும், எவரையும் வற்புறுத்தி விசுவசிக்கச் செய்யலாகாது என்றும் அறிவித்தது. இசைந்தோர் 2308, இசையாதோர் 70. தன் விசுவாசம் மெய் என்பதை அச்சங்கம் விட்டுக்கொடுத்தா இதனைக் கூறியது? இல்லை. விசுவாசம் கடவுளின் கொடை; அதற்கு மனிதன் தரும் மறுமொழி தன்விருப்பமாகவே இருத்தல் வேண்டும் என்னும் தன் பண்டைப் போதனையையே எடுத்துக் காட்டியது.

மாணவ நண்பர்களே, என் மாணவன் அன்று கேட்ட வினாவின் விடை இங்கேதான் உள்ளது. ஹெல்விஸ் தம் கொள்கையில் தளர்ந்ததனால் பிறருக்கு உரிமை கேட்கவில்லை. தன்விருப்பமின்றி ஏற்ற ஞானஸ்நானம் ஞானஸ்நானமன்று என்று நம்பியவர், தண்டனைக்கு அஞ்சி ஏற்ற விசுவாசமும் விசுவாசமன்று என்று கண்டார். கத்தோலிக்கத் திருச்சபையும் தன் போதனையின் வேரிலிருந்தே அம்முடிவை எய்தியது. இருவரும் வந்த வழி வேறு; வந்து சேர்ந்த இடம் ஒன்று. தன் சபையின்மீது உண்மையான பற்றுடையவனே, அப்பற்று எத்துணை அருமையானது, கட்டாயத்தால் விளையாதது என்பதை அறிவான். அதனை அறிந்தவன் பிறன் பற்றின்மீது கைவைக்கக் கூசுவான். பிறரை வற்புறுத்துபவனோ, தன் கொள்கை தன் வலிமையால் நிற்கும் என்று நம்பாதவன்.

கத்தோலிக்கரும் உலக பாப்டிஸ்டுக் கூட்டமைப்பினரும் 1984 முதல் 1988 வரையும், மீண்டும் 2006 முதல் 2010 வரையும் ஒன்றாக அமர்ந்து உரையாடினர். ஞானஸ்நானம் பற்றிய வேற்றுமை தீரவில்லை. தீர்ந்ததாக அவர்கள் பாவனை செய்யவும் இல்லை. ஒன்றுபட்ட இடங்களையும் மாறுபட்ட இடங்களையும் மறையாது எழுதி வைத்தனர். நியூகேட் சிறையிலிருந்து அந்த மேசை வரை வந்து சேர ஏறத்தாழ 370 ஆண்டுகள் ஆயின. நீங்கள் எச்சமயத்தவராயினும், உங்கள் வீட்டு வழிபாட்டை உறுதியாகப் பற்றுங்கள். அடுத்த வீட்டான் தன் வழிபாட்டை அவ்வாறே பற்றியிருப்பதைக் காணும்போது, அவனும் உங்களைப் போன்றவனே என்று உணருங்கள்.